கொடியேற்ற வரும் சிறப்பு விருந்தினர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் பள்ளிகளில் கொடியேற்றிவிட்டு மைக்கைப் பிடிக்கும் பெரியோர்களுக்கு, வணக்கம்.

நான் டெல்டா பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். நீங்கள் பேசும்போது மேடைக்குப் பக்கவாட்டில், ஒன்பதாம் வகுப்பு வரிசை கலையாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். ஒரு வருடம் அரசியல்வாதி வருவார், ஒரு வருடம் வங்கி மேலாளர், ஒரு வருடம் ஓய்வுபெற்ற அதிகாரி. ஆள் மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்தவர் ஆரியபட்டர். வெள்ளைக்காரன் மரத்தில் தொங்கிய காலத்திலேயே நாம் விமானம் விட்டோம். திருநள்ளாற்றுக்கு மேலே வந்தால் செயற்கைக்கோள் சில விநாடி நின்றுபோகிறது, நாசாவே திகைத்துவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது. அப்புறம் கைதட்டல், ஆரஞ்சு மிட்டாய், விடுமுறை.

பிள்ளைகளுக்குத் தங்கள் நாட்டின் மேல் பெருமிதம் வரவேண்டும் என்றுதான் பேசுகிறீர்கள். எனக்கும் அதே ஆசைதான். நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள் என்று சண்டைக்கு வரவில்லை. நிஜமாக நடந்தவற்றை விட்டுவிட்டு அவற்றைவிடச் சின்ன விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஆரியபட்டரையே எடுத்துக்கொள்வோம், எப்படியும் அவர் பெயரைச் சொல்லத்தான் போகிறீர்கள். கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தனக்கு வயது 23 என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். நம் கணக்கில் அது கி.பி. 499. ஆரியபட்டீயம் மொத்தமே 121 செய்யுள்தான். அதில் அவர் சொல்வது: 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் பூமி 158,22,37,500 முறை தன்னைத்தானே சுற்றுகிறது. ஆண்டுக்கு ஒரு சுற்றாகச் சூரியனுக்கு 43,20,000 சுற்றுகள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அத்தனை ஆண்டுகளில் எத்தனை நாட்கள் என்று கிடைக்கும்: 157,79,17,500.

இந்த நாட்களின் எண்ணிக்கையைப் பூமியின் சுற்றுகளால் வகுத்து 24 மணியால் பெருக்கினால், பூமி ஒருமுறை சுழல எவ்வளவு நேரம் என்று வரும். 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி. இன்றைய வானியல் சொல்வது 23 மணி 56 நிமிடம் 4.09 விநாடி.

இதை வகுப்பில் கரும்பலகையில் போட்டால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தானே சார், மிச்ச நாலு நிமிஷம் எங்க போச்சு?" உங்கள் முப்பது நிமிடப் பேச்சு எதுவும் இப்படி ஒரு கேள்வியைப் பிள்ளைகளிடமிருந்து வரவழைத்து நான் பார்த்ததில்லை. பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. சூரியனை மறுபடி நேருக்கு நேர் பார்க்க இன்னும் நாலு நிமிடம் திரும்ப வேண்டும். அதனால்தான் நேற்று ஏழு மணிக்கு வேப்பமரத்துக்கு மேலே தெரிந்த நட்சத்திரம் இன்று ஏழுக்கு நாலு நிமிடம் இருக்கும்போதே அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து மொட்டை மாடியில் நின்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். ஆண்டின் நீளத்தில் அவர் கணக்கு அவ்வளவு கச்சிதமில்லை. நட்சத்திரங்களை வைத்து இன்று அளக்கும் ஆண்டைவிட மூன்று நிமிடம் 20 விநாடி கூடுதலாக வருகிறது. அதையும் சொல்லலாம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய மனிதர் ஒருவர் ஒரு வருடத்தில் மூன்று நிமிடம்தான் பிசகினார் என்பது என்ன சாதாரண விஷயமா?

பூஜ்ஜியத்துக்கு வருகிறேன். ஆரியபட்டர் எண்களை எழுத்துகளால் எழுதியவர். அவர் நூலில் பூஜ்ஜியத்துக்கு ஒரு குறி கிடையாது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பத்து மடங்கு என்ற இடமதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். வெற்றிடத்துக்கு ஒரு குறி போடுவதைப் பாபிலோனியரும் செய்தார்கள், மாயா மக்களும் செய்தார்கள். பூஜ்ஜியத்தை ஓர் எண்ணாகவே நடத்தி, அதைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று சட்டம் எழுதியவர் பிரம்மகுப்தர். ஆண்டு 628, ஊர் இன்றைய ராஜஸ்தானில் உள்ள பீன்மால். குறையெண்ணைக் கடன் என்றும் மிகையெண்ணைச் சொத்து என்றும் வைத்துக்கொண்டு, கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்று அன்றைக்கே எழுதினார். ஏழாம் வகுப்பில் இதைப் புரியவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்று சொன்ன இடத்தில் மட்டும் அவர் சறுக்கினார்.

குவாலியர் கோட்டையில் 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயில் நந்தவனத்துக்கு 270 முழ நீளம், 187 முழ அகலம் நிலம், நாளொன்றுக்கு 50 மாலை என்று கணக்கு எழுதி, 270-இலும் 50-இலும் சின்ன வட்டமாகப் பூஜ்ஜியத்தைப் பொறித்திருக்கிறார்கள். பூ கட்டிக் கொடுக்கிற கணக்கில் அது அவ்வளவு சகஜமாக வந்து உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. இதைவிடப் பழைய, ஆண்டு குறித்த பூஜ்ஜியம் கம்போடியாவில், மேகாங் ஆற்றங்கரையில் சம்போர் என்ற இடத்தில் கிடைத்தது. அதில் குறித்திருப்பது நம் நாட்டு ஆண்டுக் கணக்கான சக ஆண்டு 605, அதாவது கி.பி. 683. அங்கே சக ஆண்டு எப்படிப் போனது என்று ஒரு பிள்ளை கேட்டால், கடல் வழி, வணிகர், கோயில் என்று உங்கள் பேச்சு தானாக வளரும். இதற்கிடையில் நம் தமிழ்க் கணக்கேடுகளில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி வைத்துக்கொண்டு பூஜ்ஜியமே இல்லாமல் நெடுங்காலம் ஓட்டினோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் தப்பில்லை. பூஜ்ஜியம் இல்லாமலேயே முந்திரி என்று 1/320-ஐயும், கீழ்முந்திரி என்று அதிலும் 320-இல் ஒரு பங்கையும் நெல் அளவில் கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள்.

உங்கள் பேச்சில் ஒருமுறைகூட வராத ஒன்று: நம் முன்னோர் ஒருவரோடு ஒருவர் போட்ட சண்டை. 'நம் முன்னோர்கள்' என்று நீங்கள் சொல்லும்போது எல்லோரும் ஒரே மேடையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தது போல ஒரு தோற்றம் வருகிறது. பூமிதான் சுழல்கிறது, ஓடத்தில் முன்னே போகிறவனுக்குக் கரையில் உள்ளவை பின்னே போவது போலத் தெரிவதைப் போல நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறது என்று ஆரியபட்டர் எழுதினார். ஆறாம் நூற்றாண்டு வானியலாளர் வராகமிகிரர் கேட்டார்: அப்படியானால் வானத்தில் பறக்கிற பருந்து தன் கூட்டுக்கு எப்படித் திரும்பி வரும்? பிரம்மகுப்தர் கேட்டார்: பூமி சுற்றினால் உயரமான பொருள்கள் ஏன் விழவில்லை? சந்திரனைப் பிடிப்பது பூமியின் நிழல், சூரியனை மறைப்பது சந்திரன் என்று ஆரியபட்டர் சொன்னதற்கும், ராகுவை விட்டுக்கொடுக்கலாமா என்று பிரம்மகுப்தர் கோபித்துக்கொண்டார். கிரகணக் கணக்கு இவருக்கு மட்டும் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தும் இப்படி எழுதினாரே என்று பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் அல்பிரூனி அவரைக் கண்டித்தார்.

பருந்து கேள்வியை மேடையில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் இறங்கிவிடுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மேலே தூக்கிப் போட்டால் ஏன் கைக்கே திரும்பி வருகிறது என்று சாயங்காலத்துக்குள் யாராவது ஒரு பெண் கண்டுபிடித்துவிடுவாள்.

இப்போது கேரளம். சங்கமகிராம மாதவர், பதினான்காம் நூற்றாண்டு. இரிஞ்ஞாலக்குடா பக்கத்து ஊர்க்காரர் என்பது பெரும்பாலோர் கருத்து. வட்டத்தின் சுற்றளவுக்கு முடிவில்லாத் தொடர் ஒன்றைச் சொன்னவர். நாலிலிருந்து 4/3-ஐக் கழி, 4/5-ஐக் கூட்டு, 4/7-ஐக் கழி, 4/9-ஐக் கூட்டு என்று போய்க்கொண்டே இருந்தால் பை வரும். ஐரோப்பாவில் இந்தத் தொடர் 1670-களில்தான் வந்தது. நீங்கள் இங்கே "அவர்கள் திருடிவிட்டார்கள்" என்பீர்கள். திருடியதற்கு ஆவணம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை, ஆகவே அதை விடுங்கள். அதைவிடச் சுவையான விஷயம் இருக்கிறது.

இந்தத் தொடர் ஆமை வேகத்தில் போகும். ஐந்து உறுப்புகள் வரை போட்டால் 3.33968 என்று நிற்கும், பைக்குக் கிட்டவே இல்லை. மாதவர் மரபினர் இதற்கு ஒரு திருத்தம் வைத்திருந்தார்கள். எத்தனை உறுப்பு போட்டோமோ அந்த எண்ணை நாலால் பெருக்கி மேலே வை. அதே எண்ணின் வர்க்கத்தை நாலால் பெருக்கி ஒன்று கூட்டிக் கீழே வை. ஐந்துக்கு 20/101. அதைக் கழித்தால் 3.14166. திருத்தம் இல்லாமல் இந்த அளவு நெருங்க ஏறத்தாழ பதினாலாயிரம் உறுப்புகள் கூட்டிக் கழிக்க வேண்டும். ஐந்து உறுப்பும் ஒரு பின்னமும், நோட்டுப் புத்தகத்தில் அரைப் பக்கம். இதைவிடக் கூர்மையான திருத்தமும் அவர்களிடம் இருந்தது.

மாதவர் பெயரில் வழங்கும் பை மதிப்பு ஒரு சமஸ்கிருதச் செய்யுளாகவே இருக்கிறது. தேவர், கண், யானை, பாம்பு, தீ, மூன்று, குணம், வேதம், நட்சத்திரம், யானை, கை. பார்த்தால் ஏதோ தோத்திரம் போலிருக்கும். தேவர் 33, கண் 2, யானை 8, பாம்பு 8, தீ 3, அப்புறம் 3, குணம் 3, வேதம் 4, நட்சத்திரம் 27, யானை 8, கை 2. கடைசியிலிருந்து முன்னோக்கி எழுதினால் 2827433388233. விட்டம் 900000000000 என்றால் சுற்றளவு இது. வகுத்தால் 3.14159265359. பதினோரு தசம இடம் சரி. உங்கள் கைப்பேசியில் வகுத்துப் பாருங்கள், பேசப் போவதற்கு முன்னால்.

இதற்கெல்லாம் நிறுவல் எங்கே என்று கேட்டால், சுமார் 1530-இல் ஜ்யேஷ்டதேவர் எழுதிய யுக்திபாஷை கையில் இருக்கிறது. எழுதியது சமஸ்கிருதத்தில் இல்லை, மலையாள உரைநடையில். தாய்மொழியில் உயர்கணிதம் எழுத முடியுமா என்று இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்துகிற ஊரில் இந்த ஒரு தகவலுக்காகவே ஒரு மேடை போடலாம். 1830-களில் சார்ல்ஸ் விஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி இந்த நூல்களைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். ஐரோப்பாவும் அதைக் கண்டுகொள்ளவில்லை, நாமும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நூற்றாண்டு அப்படியே போயிற்று.

நமக்கு இன்னும் கிட்டத்தில், புதுச்சேரியில் நடந்தது ஒன்று. 1825-இல், நம் நாட்டுக் காலக்கணக்கு முறைகளை ஆராய்ந்த ஜான் வாரன் என்பவர் அங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த ஆண்டு மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். தாளில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துக் கூட்டிக் கழித்தார். சொற்களில் எண்ணை ஒளித்துவைத்து மனப்பாடம் செய்கிற அந்த முறையில், 248 நாளைக்கு 248 வாக்கியம் என்று சந்திரனுக்கு ஒரு வரிசையே உண்டு. கிரகணத் தொடக்கம் நாலு நிமிட வித்தியாசத்தில் வந்தது. நடுப்பகுதி 23 நிமிடம் பிசகியது, முடிவு 52 நிமிடம். மூன்று எண்ணையும் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பதில்லை. சோழியை வைத்து எப்படி சார் என்றுதான் கேட்கிறார்கள்.

பிசகையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதர் மனிதராகத் தெரிகிறார். திருநள்ளாற்றுச் செயற்கைக்கோள் கதையில் ஆள் இல்லை, தேதி இல்லை, செயற்கைக்கோளின் பெயர்கூட இல்லை. அப்படி எதுவும் நின்றதில்லை; சுற்றுப்பாதையில் போகிற ஒன்று நடுவில் நின்றால் அப்புறம் போகாது, விழும். வானத்தைப் பற்றி உண்மையாகவே பேச ஆசைப்பட்டால், 1975 ஏப்ரல் 19-இல் சோவியத் ராக்கெட்டில் ஏறிப்போன நம் முதல் செயற்கைக்கோளுக்கு ஆரியபட்டா என்று பெயர் வைத்தார்களே, அங்கிருந்து தொடங்கலாம்.

பெரிய கோயில் நிழலுக்கு வருவோம். எங்கள் பள்ளியிலிருந்து தஞ்சாவூர் ஒரு பஸ் தூரம். காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் விமானத்தின் நிழல் எங்கே கிடக்கிறது என்று ஒண்ணாம் வகுப்புக் குழந்தைகூடக் காட்டும். நிழல் விழாது என்று நீங்கள் சொன்னால் எனக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது. ஒத்த முக்கோணங்கள் பாடத்துக்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த கணக்கே அந்த நிழல்தான். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அள, விமானத்தின் நிழல் நுனி எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று அள, அடித்தளத்தின் பாதி அகலத்தைச் சேர்த்துக்கொள், உயரத்தைச் சொல். அறுபது மீட்டர் வாக்கில் வரும். குச்சியின் நிழலை வைத்து உயரமும் தூரமும் காண்கிற கணக்கை ஆரியபட்டரும் எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அவ்வளவு கல்லை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றினார்கள் என்பதைவிட நிழலை ஒளித்துவைத்தார்கள் என்பது எப்படி உங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் கோயிலில் இன்னொன்றும் இருக்கிறது. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக" என்று ராஜராஜன் சொல்ல, அப்படியே வெட்டினார்கள். விமானத்து உச்சிக்குத் தந்த செப்புக்குடம் எத்தனை பலம், அதற்குப் பூசிய பொன் எத்தனை கழஞ்சு என்பது வரை. கோயிலில் ஆடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதி, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று பங்கும் குறித்தார்கள். ஆடவல்லான் என்ற மரக்காலால் அளக்க வேண்டும் என்று அளவையும் சொன்னார்கள். இத்தனையும் சுவரில் இருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை ஊரில் பலர் கோயிலைக் கட்டியது கரிகாலன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் வந்து கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் அவனுக்கே திரும்பக் கிடைத்தது. எழுத்து நம் சுவரில், நம் மொழியில் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவரையாவது கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனீர்கள் என்றால் உங்களுக்கு மாலை போட்டதற்கு அர்த்தம் உண்டு.

புராதன விமானங்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1974-இலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர், பழைய விமான நூல் என்று காட்டப்படும் வைமானிக சாஸ்திரத்தை வரிக்கு வரி ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டில் எழுந்த நூல், அதில் சொன்ன எதுவும் பறக்காது என்று எழுதிவிட்டார்கள். அந்த ஐந்து பேரும் இந்தியர்கள்தான், மேடையில் அவர்களையும் பெருமையாகச் சொல்லுங்கள். அதன் பிறகும் 2015 மும்பை அறிவியல் மாநாட்டில் புராதன விமானங்கள் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். அது வேறு கதை.

ஒன்றை மட்டும் நீங்கள் கவனமாகச் சொல்ல வேண்டும். மாதவரின் கணிதம் சில வீடுகளில், சில குரு-சீடர் வரிசைகளில் இருந்தது. அந்த வரிசையில் நம்பூதிரிகளும் இருந்தார்கள், கோயில் பணி செய்த வாரியர், பிஷாரடி குடும்பத்தவரும் இருந்தார்கள். உங்கள் முன்னால் வெயிலில் நிற்கிற பிள்ளைகளில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டனுக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடைத்திருக்காது. என் வகுப்பில் 20/101-ஐ முதலில் சரியாகப் போட்டது செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவரின் மகள். "நம் முன்னோர்" என்று நீங்கள் முழங்கும்போது அவள் அதில் யாராக உணர்வாள் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுப் பேசுங்கள். கணக்காகச் சொல்லிக்கொடுத்தால் அவளுக்கு அது சொந்தமாகிவிடுகிறது, யாருடைய பேத்தி என்று கணக்கு கேட்பதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. வாட்ஸ்அப்பில் வந்ததைச் சொல்வதற்கு முன்னால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று அதைக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பதில் இருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்து, பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிற மாதிரி சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் முந்தின நாள் பள்ளிக்கு ஒரு போன் போட்டால் போதும்; எந்தப் பள்ளியிலும் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் காத்துக்கொண்டிருப்பார்.

இந்த வருடத்துக்கு நானே ஒன்று சொல்லிவிடுகிறேன். எட்டரை மணிக்குக் கொடி ஏறும்போது கொடிக்கம்பத்தின் நிழல் மைதானத்தில் நீளமாகக் கிடக்கும். உயரம் தெரிந்த ஒரு மாணவியைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு நிழலையும் அளக்கச் சொல்லுங்கள். கம்பத்தின் உயரத்தை முதலில் சொல்கிறவருக்கு நீங்கள் கொண்டுவரும் பரிசைக் கொடுங்கள். அளக்கிற டேப்பை நான் கொண்டுவருகிறேன். மேகமாக இருந்தால் பருந்து கேள்வி இருக்கிறது. எதுவானாலும் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்